உறைமோர்

பால் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, “எதுத்த வீட்ல கொஞ்சம் உறைமோர் வாங்கிட்டு வா. விளக்கு வைக்கதுக்கு முன்னாடி போ, பெறவு குடுக்க மாட்டாவ” என்றாள். 2023 டிசம்பரின் கடைசி வாரம் அது. தாமிரபரணியில் வெள்ளம் வந்து போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றோரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் அடுக்களைச் சுவர் இடிந்துபோனதால், பாளையங்கோட்டைக்கு வெளியே நான் குடியிருக்கும் நகருக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தேன். கிண்ணத்தோடு கேட்டைத் திறந்து தெருவில் நின்றேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது. காயாத சுவர்களிலிருந்து பாசி மணம் வந்தது. எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். எந்த அலுவலகத்தில் வேலை, காலையில் எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பார், மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதெல்லாம் தெரியும். பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம். ஆனால் எதையாவது கேட்பதற்காக அந்த வீட்டு அழைப்புமணியை நான் ஒருநாளும் அழுத்தியதில்லை. பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று மனதுக்குள்ளேயே ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று பார்த்தேன். எந்த வாசலிலும் வாய் வரவில்லை. கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்து ஒரு பாக்கெட் தயிர் வாங்கி வந்தேன். அம்மா பாக்கெட்டையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அந்த வீட்ல ஆள் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். “இல்லை” என்றேன். அந்தப் பொய் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

உறைமோர் என்பது பெரிய பொருள் இல்லை. ஒரு கரண்டி. காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை, திருப்பிக் கொடு என்று யாரும் கேட்டதுமில்லை. காய்ச்சி ஆறிய பாலில் அதை விட்டு மூடி வைத்தால், அதில் உள்ள நுண்ணுயிர்கள் இரவோடு இரவாகப் பாலின் சர்க்கரையை அமிலமாக மாற்ற, பால் உறைந்து தயிராகிறது. மறுநாள் தயிரைக் கடைவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட வேண்டும், அடுத்த நாளுக்கு. அம்மா தன் தயிர்ச் சட்டியின் கதையைச் சொல்லும்போது, தன் மாமியார் விட்ட உறைமோரிலிருந்தே தொடங்குவாள். இடையில் பசு மறுத்துப் பால் இல்லாமல் போன நாட்களில் உறை அறுந்துபோகும். அப்போது நாலு வீடு தள்ளியிருக்கும் பெரியம்மை வீட்டிலிருந்து ஒரு கரண்டி வரும். அந்தப் பெரியம்மை வீட்டில் அறுந்துபோனால் எங்கள் வீட்டிலிருந்து போகும். இப்படி ஐம்பது வருடம் கொடுத்தும் வாங்கியும் வந்ததில், அந்தத் தெருவின் தயிர் முழுக்க ஒரே வம்சமாக ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளம் அடுக்களைக்குள் புகுந்தபோது அந்தச் சட்டி போய்விட்டது. மாடத்தில் இருந்த விளக்கு, அரிசிப் பானை, பாட்டியின் படம் எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியாக அம்மா சொன்னாள், “உறையும் போயிட்டு.” அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. புதிய தெருவில் அவள் முதலில் தேடியது கோயிலையோ கடையையோ அல்ல, உறைமோர் கேட்க ஒரு வீட்டை.

இந்த இடத்தில் பழைய ஊரைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட ஆசையாக இருக்கிறது. அப்படிச் செய்தால் அது இன்னொரு பொய். அம்மா கிண்ணத்தை நீட்டுவதற்கு முன்பே, நான் கவனிக்காத நேரத்தில், எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர், யாருக்கு யார் என்பதையெல்லாம் விசாரித்துவிட்டிருந்தாள். அவள் மனதில் ஒரு வரைபடம் உண்டு. ஊரில் எந்தெந்த வீட்டில் மோர் வாங்கலாம், எங்கே அரிசியும் காய்கறியும் மட்டும் வாங்கலாம், எங்கே கொடுக்க மட்டும் செய்யலாம் என்று அந்த வரைபடம் சொல்லும். எங்கள் வீடு கொடுக்கும் வீடாக இருந்தது. அறுவடைக்குப் பிறகு நெல், தீபாவளிக்குப் பழைய சேலை, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால் என்று எல்லாத் திசைக்கும் எங்கள் வீட்டிலிருந்து போனது. அதை நினைத்துச் சிறுவயதில் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் சில திசைகளிலிருந்து எதுவும் திரும்பி வந்ததில்லை. வரக் கூடாது என்பது வழக்கம். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று அம்மாவே சொல்வாள். ஆனால் சேரியிலிருந்து பாத்திரம் வெறுமையாகத்தான் திரும்பியது, கழுவிக் கவிழ்த்து, வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டு. அம்மாவுக்குக் கேட்கத் தெரியும், ஆனால் கேட்கக் கூடாத வீடுகள் அவளுக்கு இருந்தன. எனக்குக் கேட்கக் கூடாத வீடு என்று எதுவும் இல்லை, ஆனால் எந்த வீட்டிலும் கேட்கத் தெரியவில்லை. இந்த இரண்டில் எது பெரிய ஊனம் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

நான் குடியிருக்கும் நகர் முப்பது வருடத்துக்கு முன்பு வயல். பழவூர் அணைக்கட்டில் ஆற்றிலிருந்து பிரிந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக வரும் பாளையங்கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நிலம். தண்ணீர் எல்லாருக்கும் ஒரே வாய்க்காலில் வந்ததால், மேல்மடைக்காரன் அடைத்தால்தான் கீழ்மடைக்காரனுக்குத் தண்ணீர். பிடிக்கிறதோ இல்லையோ, ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டும். அதிலும் மேல் கீழ் இருந்தது, சண்டை இருந்தது, மண்வெட்டியை ஓங்கிய கதைகள் இருந்தன. ஆனாலும் இன்னொருவன் தேவை என்ற உண்மையை எவராலும் மறைக்க முடிந்ததில்லை. இப்போது அதே மண்ணில் வீட்டுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு, குடிக்கக் கேன் தண்ணீர், இருட்டினால் இன்வெர்ட்டர், வாசலில் கேமரா. யாரிடமும் எதையும் கேட்க வேண்டாத வீட்டைக் கட்டுவதைத்தான் நாங்கள் எல்லாருமே முன்னேற்றம் என்று நினைத்து, கடன் வாங்கிச் செய்து முடித்தோம். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும். மாடி வீட்டில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண், கணவன் துபாயில். பிள்ளை விடாமல் அழும்போது அவளும் சேர்ந்து அழுவது கேட்கும். இரண்டு வீடு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவிக்கு மறதி நோய். நடுராத்திரியில் அவர் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போலவே, “இதுதான் நம்ம வீடு, இதுதான் நம்ம வீடு” என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர்களுக்கு வேண்டியது பணமோ அரசாங்கத் திட்டமோ அல்ல என்று சொல்ல மாட்டேன், அவையும் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால், அரை மணி நேரம் இவளைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்க ஒரு வாசல் வேண்டும்.

அந்த வாசல் ஏன் இல்லை என்பதற்கு, சாதியும் மதமும் கலந்த ஜனங்கள், ஒருவருக்கொருவர் புதியவர்கள் என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். இந்த ஊரே அப்படிக் கலந்து உருவானதுதான். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்ற மூன்று நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்துத்தான் 1994-இல் மாநகராட்சி ஆக்கினார்கள். கோயிலைச் சுற்றி ஒரு ஊர், சர்ச்சுகளையும் பள்ளிக்கூடங்களையும் சுற்றி ஒரு ஊர், பள்ளிவாசல்களையும் தறிகளையும் சுற்றி ஒரு ஊர். இங்கே யாரை முதலில் சந்தித்தாலும் பெயர் கேட்பதற்கு முன்னால் “எந்த ஊரு?” என்று கேட்போம். ஊரைச் சொன்னால் தெரு, தெருவைச் சொன்னால் ஆள், அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. வீடு வாடகைக்கு விடும்போதும் இந்த ஒரு கேள்வி போதும். ஆனால் புதியவர் என்பதாலேயே நாம் யாரையும் ஒதுக்குவதில்லை என்பதையும் பார்க்கிறேன். பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரைப் புல்லில் பட்டுப்போல நெய்யும் கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயரைச் சேர்த்து நெய்து வாங்கி, நம் வீட்டுப் பிள்ளைகளை அதில் உட்கார வைக்கிறோம். பீடி இலையை நறுக்கித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டும் வேலை மேலப்பாளையத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் எல்லா சாதி, எல்லா மதப் பெண்களின் மடியிலும் சொளவு வைத்து நடக்கிறது. உதட்டில் வைக்கிற பீடியைச் சுருட்டிய விரல் எது என்று எந்த மனிதனும் கேட்டதில்லை. பாய் தெருவைத் தாண்டுகிறது, பீடி தாண்டுகிறது. சோறு மட்டும் நின்றுவிடுகிறது. சமைத்த ஒன்றை ஒரு கையிலிருந்து வாங்கும் இடத்தில்தான் கோடு இருக்கிறது.

கொடுப்பதில் இந்த ஊர் குறைவைத்ததே இல்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பிராமண விதவை, சாதி விலக்கிய பிறகு ஞானஸ்நானம் பெற்று, 1785-இல் எழுப்பிய கோயிலைச் சனங்கள் இன்றும் பாப்பாத்தியம்மா கோயில் என்றே சொல்கிறார்கள். இந்த மண்ணில் ஒருநாளும் கால் வைக்காத சாராள் தக்கர் என்ற இங்கிலாந்துப் பெண்ணின் பெயரில் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படிக்கிறார்கள். காது கேளாத பிள்ளைகளுக்காக 1897-இல் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளி தொடங்கினார். பார்வையற்றோருக்கு ஒரு பள்ளி இருக்கிறது. கோயில்களில் அன்னதானம், பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. இவ்வளவு கொடை நடந்த ஊரில் கொடுக்கும் மனம் இல்லை என்று சொன்னால் அது அவதூறு. பிறகுதான் மெல்ல விளங்கியது. சாதி, கொடுப்பதை ஒருபோதும் தடுப்பதில்லை. மேலிருந்து கீழே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுக்கக் கொடுக்கக் கொடுத்தவன் இன்னும் உயர்வான். அது தடுப்பதெல்லாம் வாங்குவதைத்தான். ஒரு கையிலிருந்து வாங்கிவிட்டால், அந்தக் கை இல்லாமல் எனக்கு ஆகாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நம் மொழியில் ஈகைக்கு இருக்கும் புகழ் அளவற்றது. இரப்பதற்கு இருக்கும் இழிவும் அதே அளவு. இந்த இரண்டுக்கும் நடுவில், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாதாரணமாக ஒன்றைக் கேட்டு வாங்குவதற்குக் கைமாற்று என்ற ஒரு சின்னச் சொல்தான் இருக்கிறது. அதைக்கூட இப்போது கடன் என்ற அர்த்தத்தில் மட்டும் வைத்திருக்கிறோம்.

அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில், சேரன்மகாதேவியில், நூறு வருடத்துக்கு முன்பு ஒரு பந்தி நடந்தது. புதுச்சேரியில் தலைமறைவு வாழ்க்கை முடிந்து திரும்பிய வ.வே.சு. ஐயர், நாட்டுக்கு உழைக்கும் இளைஞர்களை உருவாக்க 1922-இல் தொடங்கிய குருகுலம் அது. பல சாதிப் பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்கிப் படித்தார்கள், உடல் உழைத்தார்கள், தேசத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. அது வெளியே தெரிந்தபோது தமிழ்நாடு கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் கொடுத்த நிதி கேள்விக்குள்ளானது. ஐயர் பொறுப்பை விட்டு விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் கல்யாணி தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அதே தாமிரபரணியில் இறந்துபோனார். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை நினைக்கவில்லை. அவர் சாதி பார்க்காதவர், எவர் வீட்டிலும் சாப்பிடக்கூடியவர் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு பெற்றோரின் மனம் நோகாமல் இருக்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்னை உறுத்துகிறது. ஒரே கூரை, ஒரே பாடம், ஒரே லட்சியம் எல்லாம் இருந்தும் இரண்டு தட்டுகள் தள்ளி வைக்கப்பட்டபோது, மற்ற எல்லாத் தட்டுகளுக்கும் ஒரு செய்தி போய்விட்டது. ஆற்றைக் கடக்கும் பேருந்தில் அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இரண்டு பையன்களை நினைத்துக்கொள்கிறேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட அவர்களுக்குச் சோறு எப்படி இறங்கியிருக்கும்? பக்கத்து அறையின் சத்தம் கேட்டிருக்குமே.

இடத்தைக் கலந்துவிட்டால் மனிதர்கள் கலந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்த வருடங்களின் முடிவில் சமத்துவபுரங்கள் வந்தன. முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில், 1998-இல். ஒரு ஊருக்கு 100 வீடு. பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாருக்கும் ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு. நம் நாட்டில் செத்த பிறகும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்த ஒரே சுடுகாட்டின் பொருள் புரியும். அது வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சுவரை ஒட்டி இன்னொரு சுவரை எழுப்பும் வரைக்கும்தான் அரசாங்கத்தின் கை எட்டும். அந்தச் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் போவதையும் வருவதையும் எந்த ஆணையாலும் செய்துவிட முடியாது. 2023 செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில், அரசுப் பள்ளியின் காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். அதிகாரிகளும் தலைவர்களும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சூடான உப்புமாவின் முன்னால் பசியோடு உட்கார்ந்து வேண்டாம் என்று சொல்ல ஒரு குழந்தைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! கொடுக்க மறுப்பதை நாம் கொடுமை என்று உடனே அடையாளம் கண்டுவிடுகிறோம். வாங்க மறுப்பதை, அவரவர் பழக்கம் என்று விட்டுவிடுகிறோம்.

வெள்ளத்தின் போது அந்தப் பழக்கம் எங்கே போயிருந்தது? 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் திருவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. முன்னே தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. சுமார் 800 பயணிகள், குழந்தைகள், வயதானவர்கள், சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்தினர் தங்கள் வீட்டு அரிசியைத் திரட்டி, கோயிலில் உலை வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் வெள்ளம்தான். மீட்புப் படை வரும்வரை அந்தச் சோறுதான் அத்தனை பேருக்கும். செய்திகளில் கிராமத்து மக்களின் ஈகையைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது சாப்பிட்டவர்களை. அந்த 800 பேரில் எத்தனை பேருக்கு வீட்டில் ஒரு வரைபடம் இருந்திருக்கும்! இலையில் விழுந்த சோற்றை யார் வடித்தார்கள் என்று எவராவது கேட்டிருப்பார்களா? எங்கள் தெருவிலும் அப்படித்தான். மின்சாரம் இல்லாத மூன்றாம் நாள், இளைஞர்கள் இருவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பள்ளிவாசலில் ஆக்கிய சோற்றுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொடுத்தார்கள். எல்லா வீட்டுக் கேட்டும் திறந்தது. எதிர்வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்து கூப்பிட்டுக் கொடுத்தார். தண்ணீர் வடிந்தது, கேட்டுகள் மூடிக்கொண்டன. அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்ட வாயால், பத்து நாள் கழித்து ஒரு கரண்டி மோர் கேட்க எனக்கு முடியவில்லை. பேரிடரில் வாங்குவது தேவை, சாதாரண நாளில் வாங்குவது உறவு. தேவையைத் தாங்கிக்கொள்கிற எனக்கு உறவு கூச்சமாக இருந்திருக்கிறது.

தெருவின் முக்கு வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. கணவர் ஒரு அரசு அலுவலகத்தில், மனைவி செவிலியர், படிக்கிற இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்த ஒரு இரவில் நான் போன் செய்யாமலே, வாசலில் ஆட்டோ நின்றதைப் பார்த்து ஓடிவந்து நாடி பார்த்தவர் அந்தப் பெண். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார். அம்மாவும் கொல்லையில் காய்க்கும் முருங்கைக்காய், கீரை, கறிவேப்பிலை என்று மடி நிறையக் கொடுத்து அனுப்புவாள். வாசல்படியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் மனம் நிறைந்து போயிருந்தேன். 2025 தைப்பொங்கலன்று அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் கூடம் முழுக்க மணத்தது. அம்மா சிரித்த முகத்தோடு வாங்கினாள், பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள், “எனக்குச் சர்க்கர ஆகாதுல்லா, மாமா சாப்பிடுவா” என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அன்று காலையில் எங்கள் வீட்டுப் பொங்கலை அவள் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி அறிக்கையை வாசித்துக் காட்டியதே அந்தப் பிள்ளையின் தாய்தான். நான் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து தூக்கைக் காலி செய்தேன். எதுவும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பிறகு தூக்கைக் கழுவி, எங்கள் வீட்டுப் பொங்கலை நிறைத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். எண்பது வயதில் மனித மனத்தை மாற்ற முடியுமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் வ.வே.சு. ஐயரின் ‘அவ்வளவுதான்’ போலவே இருந்தது.

அந்த வருடம் ஜூலை 27 அன்று கே.டி.சி. நகரில் ஒரு பட்டியல் சாதி இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்த காதலே காரணம் என்பது வழக்கு. கே.டி.சி. நகர் தூரத்துக் கிராமம் இல்லை, எங்கள் நகரைப் போன்ற இன்னொரு நகர். மனை போட்டு, வங்கிக் கடனில் கட்டி, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் குடியேறிய தெருக்கள். படிப்பும் சம்பளமும் வந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று என் தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையோடுதான் ஊரைவிட்டு இந்த மனைகளுக்கு வந்தோம். அன்று இரவு தெரு அமைதியாக இருந்தது. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் என்ற பயம் ஒவ்வொரு சன்னலிலும் இருந்தது. முக்கு வீட்டில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. கல்யாண உறவை இங்கே கொள்வினை கொடுப்பினை என்பார்கள். “அவுகளோட நமக்குக் கொள்வினை கொடுப்பினை கிடையாது” என்று சொன்னால் எல்லாம் சொல்லி முடிந்தது. அந்தச் சொல்லில் கொள்வதுதான் முதலில் வருகிறது. ஒரு தூக்குப் பொங்கலை வாங்கி உண்ணாமல் இருப்பதற்கும் ஒரு அரிவாளுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மா ஒரு எறும்பைக்கூட நசுக்காதவள். இரண்டையும் ஒன்றாக்குவது அநியாயம். ஆனால் இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றனவா என்ற கேள்வியை அன்று இரவு என்னால் தள்ள முடியவில்லை. கொள்ள மாட்டேன் என்று பாலில் தொடங்கியது ரத்தத்தில் போய் முடிகிறதோ?

ஒரு கரண்டி மோரைப் பற்றி இவ்வளவு பேசுவது, பெரிய நோய்க்குச் சின்ன மருந்தைத் தேடுவதுபோல எனக்கே தோன்றுகிறது. சட்டம் வேண்டும், நீதிமன்றம் வேண்டும். நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சொன்னவை நடைமுறைக்கு வர வேண்டும். பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதியின் நிறத்தைச் சொல்லும் கயிறுகள் அறுபட வேண்டும். இன்னொரு சந்தேகமும் உண்டு. வாங்குங்கள் என்று சொல்வது யாருக்கு? தலைமுறைகளாகப் பிறர் கொடுத்ததை மட்டுமே வாங்கி நிற்கும்படி வைக்கப்பட்டவர்களிடம் போய் வாங்குவதன் பெருமையைப் பேச எனக்கு வாய் கிடையாது. இது கொடுத்தே பழகிய வீடுகளுக்கு, எங்கள் வீடு போன்ற வீடுகளுக்கு, நான் சொல்லிக்கொள்வது. குடும்பங்களுக்குத் துணை செய்வோம் என்று எங்கள் நகர் நலச்சங்கத்தில் பேசும்போதெல்லாம் யாருக்கு என்ன கொடுக்கலாம் என்றே பட்டியல் போடுகிறோம். துபாய்க்காரர் மனைவிக்கு உதவலாம், ஆசிரியருக்கு உதவலாம். அந்தப் பட்டியலில் நம் பெயரை எழுதிக்கொள்ள எவருக்கும் தோன்றவில்லை. அந்த மாடி வீட்டுப் பெண், யார் போய்க் கேட்டும் “ஒண்ணும் வேண்டாம், நல்லாருக்கோம்” என்றே சொல்லி வந்தாள். ஒருநாள் அம்மா அவளைக் கூப்பிட்டு, “எனக்கு ஊசி கோக்கக் கண்ணு தெரியல, கோத்துக் குடுப்பியாம்மா” என்று கேட்டாள். மறுநாள் அந்தப் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாகவே வந்து, கொஞ்ச நேரம் இவனைப் பிடியுங்கள், குளித்துவிட்டு வருகிறேன் என்றாள். அம்மா எந்த ஊர் என்று கேட்காமலே கையை நீட்டினாள்.

இந்த வருடம் அம்மா ஒரு மாதம் தங்கை வீட்டில் போய் இருந்தாள். நான் தயிரைக் கவனிக்கவில்லை, உறை அறுந்துபோனது. திரும்பி வந்த அன்று சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டு, அதே கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். எந்த வீடு என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெருவில் நின்றபோது கால் கனத்தது. எதிர்வீட்டைத் தாண்டி, ஆசிரியர் வீட்டைத் தாண்டி நடந்து முக்கு வீட்டு மணியை அழுத்தினேன். செவிலியர் உடுப்பு மாற்றாமல் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கிண்ணத்தை நீட்டி, கொஞ்சம் உறைமோர் வேண்டும் என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. உள்ளே போனவர் கிண்ணத்தோடு திரும்பி வந்து, கொடுக்காமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். “அம்மா சாப்பிடுவாவளா, அண்ணாச்சி?” என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. என் அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை அது. பொங்கல் தூக்கு ஏன் உடனே நிறைந்து திரும்பியது என்பது ஒரு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ரத்த அழுத்தம் பார்க்க வந்துகொண்டிருந்திருக்கிறார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுக்கும்போது, “முக்கு வீட்ல வாங்குனேன்” என்று சொன்னேன். இன்னொரு தரம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ தெருவிளக்கைப் போட்டார்கள். பால் சரியான சூட்டுக்கு வந்துவிட்டதா என்று சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள், கிண்ணத்தைச் சாய்த்தாள், கரண்டியால் மெதுவாகக் கலக்கி மூடி வைத்தாள். காலையில் நான் எழுந்தபோது தயிர் உறைந்திருந்தது. கடைவதற்கு முன்னால் அம்மா ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்துக்கொண்டிருந்தாள்.